மூட்டும் மனமும் நடையும்: மூட்டுநோயாளரின் இயக்கக் குறைபாட்டில் உளக்காரணிகள் பற்றிய கருத்துகளின் வரலாறு (1837–2019)

ஆய்வுச் சுருக்கம்

மூட்டுநோயாளர் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை மூட்டின் சிதைவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது இன்று மருத்துவத்தில் ஏற்கப்பட்ட செய்தி. அச்சம், தன்னாற்றல் நம்பிக்கை, மனச்சோர்வு, வலியைப் பற்றிய எண்ணம் ஆகியவை இடையில் நின்று நடையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. இக்கருத்து உருவான வழியை இங்கிலாந்து, பிரான்சு, அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் மருத்துவ வரலாற்றில் இக்கட்டுரை தேடுகிறது. மனத்தை மூட்டுநோயின் போலியாகவும் பின்னர் அதன் காரணமாகவும் கண்ட மருத்துவம், அசைவைப் பற்றிய அச்சத்தைத் தானே வளர்த்ததை நெடுங்காலம் காணவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மூட்டுநோய், முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், அசைவச்சம், தன்னாற்றல் நம்பிக்கை, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மேலை மருத்துவம் மூட்டுநோய்க்கு இட்ட பெயர் மூட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நோய் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்கிறது. தமிழில் வழங்கும் 'முடக்குவாதம்' என்ற பெயரோ நோய் மனிதரை என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. மூட்டு என்ற சொல்லே அதில் இல்லை, முடங்குதல் இருக்கிறது. சொல்லாராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இங்கு ஆராயப்படும் சிக்கல். மூட்டில் இருக்கும் நோய்க்கும் மனிதர் முடங்கும் அளவுக்கும் உள்ள உறவு நேரானதா? நேரானதன்று எனில் இடையில் நிற்பது யாது?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நடக்க இயலவில்லை என்று சொன்னவரை மருத்துவர் நம்பினாரா, நம்பவில்லையா என்பது இதற்குக் கிடைத்த விடையைப் பொறுத்தே இருந்தது. நம்பப்படாதோருள் மிகப் பலர் பெண்கள்.

போலியாகத் தோன்றிய மூட்டு

இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிராடி, மூட்டுநோய்கள் குறித்து 1818இல் எழுதிய நூலால் அத்துறையின் தலைமைச் சான்றோராக மதிக்கப்பட்டவர். 1837இல் வெளியான அவருடைய விரிவுரைகள் உடற்கூற்றில் கேடு ஏதும் தென்படாத மூட்டுவலிகளைப் பற்றியவை. உயர்குடிப் பெண்களுள் மூட்டுநோய் உடையோராகக் கருதப்படுவோரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கேனும் உண்மையில் இருப்பது ஹிஸ்டீரியாவே என்று அவர் அவற்றில் கூறினார். இவ்விகிதம் அவருடைய மதிப்பீடேயன்றி எண்ணிப் பார்த்த கணக்கன்று. ஆயினும் பின்வந்தோர் அதைக் கணக்கைப் போலவே எடுத்தாண்டனர்.

பிராடி கண்ட அடையாளங்கள் கூர்மையானவை. இடுப்பு மூட்டை அழுத்தும்போது தோன்றும் வலியினும் மேல்தோலைக் கிள்ளித் தூக்கும்போது தோன்றும் வலி மிகுதியாக இருப்பதை அவர் கவனித்தார். இத்தகையோரை நெடுநாள் படுக்கையில் கிடத்துவது தீங்கு என்றும் கருதினார். அவருடைய நோக்கம் நோயாளரைத் தேவையற்ற கடுஞ்சிகிச்சைகளிலிருந்து காப்பதே என்பதை மறுக்க இயலாது. ஆனால் அவர் விட்டுச்சென்ற பாகுபாடு பெரும் சுமையாயிற்று. மூட்டில் கேடு இருந்தால் அது உண்மை நோய். இல்லையெனில் அது மனத்தின் நடிப்பு. இரண்டும் ஒருவரிடமே ஒருங்கே இருக்கலாம் என்பதற்கு இப்பாகுபாட்டில் இடமில்லை.

ஜேம்ஸ் பேஜட் 1873இல் இதே நிலையை 'நரம்புப் பாவனை' என்று அழைத்தார். அவர் பிராடியைவிட ஒரு படி முன்னேறினார் எனலாம். நோயாளர் வேண்டுமென்றே நடக்க மறுப்பதாகப் பிறருக்குத் தோன்றினாலும், விரும்பும் ஆற்றலே அவரிடம் செயலிழந்துள்ளது என்பது அவர் கருத்து. இயலாமைக்கும் விருப்பமின்மைக்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு என்று கண்ட இக்கருத்து பின்னாளில் வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

பாரிசின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் ஷான்-மார்த்தேன் ஷார்கோவின் பணி இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. அவர் மருத்துவப் பட்டத்துக்காக 1853இல் அளித்த ஆய்வேடே நாட்பட்ட மூட்டுவாதத்தைப் பற்றியது. 1868இல், மேகநோய் முதுகுத்தண்டைத் தாக்கியோரிடம் மூட்டுகள் முற்றிலும் சிதைவதை அவர் விவரித்தார். அம்மூட்டுகள் உருக்குலைந்திருந்தும் சிதைவுக்கேற்ற வலி அவர்களுக்கு இல்லை. 1880களிலோ, பணியிடத்தில் அடிபட்டு இடுப்புவலியால் முடங்கிய ஓர் ஆண் தொழிலாளியை மாணவர் முன் நிறுத்தி, குளோரோஃபார்ம் மயக்கத்தில் அவருடைய மூட்டு தடையின்றி அசைவதைக் காட்டினார். சிதைந்தும் வலிக்காத மூட்டு ஒருபுறம். சிதையாமலே முடக்கிய மூட்டு மறுபுறம். இரண்டையும் கண்டவர் ஒருவரே. ஆயினும் இரண்டையும் சேர்த்து வைத்து, மூட்டின் நிலையும் மனிதரின் நிலையும் வெவ்வேறு அளவைகள் என்ற முடிவுக்கு அவரோ அவர் மாணவரோ வரவில்லை. முதலாவது நரம்பியலுக்குப் போயிற்று. இரண்டாவது ஹிஸ்டீரியா ஆய்வுக்குப் போயிற்று. நோயாளி ஆணாக இருந்தது ஒரு நன்மை: இது பெண்களுக்கே உரிய கோளாறு என்ற எண்ணத்தை அது அசைத்தது.

ஓய்வு என்னும் கோட்பாடு

இதே காலத்தில் மருத்துவத்தின் மற்றொரு கிளை நோயாளருக்கு வேறொன்றைக் கற்பித்துக் கொண்டிருந்தது. ஜான் ஹில்டன் 1863இல் நூலாக்கிய விரிவுரைகள் பின்னாளில் 'ஓய்வும் வலியும்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டன. வலி என்பது அசையாதே என்று உடல் இடும் கட்டளை. ஓய்வே இயற்கையின் மருந்து. லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் 1875இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் இறுக்கமாக்கினார். மூட்டுக்கு அளிக்கும் ஓய்வு கட்டாயமானதாகவும் இடையறாததாகவும் நீண்டதாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் நெறி. அவர் பெயரால் வழங்கும் கால் சட்டம் இன்றும் மருத்துவமனைகளில் உண்டு.

அக்காலத்தில் மூட்டை அழித்த நோய்களுள் காசநோய் முதன்மையானது. அதற்கு மருந்து இல்லை. அசையாது வைத்தல் அந்நிலையில் அறிவுடைய செயலே. கேடு எங்கே நிகழ்ந்தது எனில், காசநோய் மூட்டுக்கு உரிய நெறி எல்லா மூட்டுவலிக்கும் பொதுநெறியாகப் பரவியபோது நிகழ்ந்தது.

இதற்கு அக்காலத்திலேயே எதிர்ச்சான்று இருந்தது. பட்டம் பெறாத எலும்பு வைத்தியர்கள், மருத்துவர் கட்டிப்போட்டு இறுகவைத்த மூட்டுகளை வலிந்து அசைத்து நோயாளரை நடக்கவைத்தனர். பேஜட் 1867இல் ஆற்றிய விரிவுரை ஒன்றின் பொருளே இவர்கள் குணப்படுத்தும் நோய்களைப் பற்றியது. வார்ட்டன் ஹூட் என்ற மருத்துவர் ரிச்சர்ட் ஹட்டன் என்னும் எலும்பு வைத்தியரிடம் அக்கலையைக் கற்று, 1871இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இவர்களுடைய வெற்றியில் ஒரு பகுதி மூட்டைச் சுற்றிய ஒட்டுத்திசுக்கள் அறுபட்டதால் வந்தது. மற்றொரு பகுதி, அசைத்தால் கெடும் என்று அஞ்சியிருந்தவருக்கு அசைத்தும் கெடவில்லை என்று காட்டியதால் வந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. இதில் ஒரு முரண் உண்டு. ஓய்வுக் கோட்பாட்டின் தலைவரான தாமஸ், எலும்பு வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர்; அவருடைய தந்தை அத்தொழிலால் பெயர்பெற்றவர்.

படுக்கை ஓய்வின் தீங்குகளை ரிச்சர்ட் ஆஷர் 1947இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய சிறு கட்டுரை எள்ளலும் கூர்மையும் கலந்து எடுத்துரைத்தது. மூட்டுகள் இறுகுதல், தசைகள் மெலிதல் முதலியவற்றோடு மனம் தளர்ந்து எழவே விரும்பாமற் போதலையும் அவர் அப்பட்டியலில் சேர்த்தார்.

ரெனுவாரின் முடிவு

மருத்துவர் எழுதிய ஏடுகளில் நோயாளரின் குரல் அரிது. ஓவியர் பியேர்-ஒகுஸ்த் ரெனுவார் இதற்கு விலக்கு. 1841இல் பிறந்த அவரை முடக்குவாதம் பற்றியது ஏறத்தாழ ஐம்பதாம் வயதில். 1919இல் இறக்கும் வரை அவர் வரைந்தார். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டன. நகங்கள் தோலைப் புண்ணாக்காதிருக்கத் துணிச்சுருள் வைக்கப்பட்டது. தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டு வரைந்தார் என்ற கதை இத்துணியைப் பார்த்து எழுந்தது. உண்மையில் பிறர் தூரிகையைக் கையில் வைக்க, அவர் அதைப் பிடித்தே வரைந்தார். நோயின் தொடக்க ஆண்டுகளில் கைகளின் இளக்கத்தைக் காக்கக் காலைதோறும் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடித்துப் பயின்றார். எழ முடியாத காலத்தில், பெரிய திரைச்சீலையைத் தம் கைக்கு எட்டும் அளவுக்கு நகர்த்தும் உருளைகள் அமைக்கப்பட்டன.

அவருடைய மகனும் திரைப்பட இயக்குநருமான ஷான் ரெனுவார், தந்தையைப் பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். நடக்க இயலாதிருந்த ஓவியரை ஒரு மருத்துவர் ஊட்டமும் ஊக்கமும் அளித்து எழுப்பி நிறுத்தினார். ரெனுவார் சில அடிகள் நடந்து, சுற்றிவந்து, மீண்டும் அமர்ந்தார். நடப்பதற்கே தம் மன உறுதி முழுவதும் செலவாகிறது. அவ்வாறு செலவிட்டால் வரைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நடையை விட்டுவிடுகிறேன் என்பது அவர் கூறியதன் சாரம். அதன்பின் அவர் நடக்கவில்லை.

மகனின் நினைவில் தங்கிய கதை என்பதால் இதன் ஒவ்வொரு சொல்லையும் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் உளக்காரணி என்றவுடன் அச்சத்தையும் சோர்வையும் மட்டுமே எண்ணும் பழக்கத்துக்கு இது தடை போடுகிறது. ரெனுவார் அஞ்சவில்லை, சோர்ந்தவரும் அல்லர். தம்மிடமிருந்த ஆற்றலைக் கணக்கிட்டு, எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்தார். அளவைத்தாள் ஒன்றில் அவர் 'கடும் இயக்கக் குறைபாடு' என்றே பதிவாகியிருப்பார். 1913 முதல் இளம் சிற்பி ரிச்சர்ட் கினோவின் கைகளைக் கொண்டு அவர் சிற்பங்கள் படைத்தது அப்பதிவில் இடம்பெறாது.

காரணமாகக் கருதப்பட்ட மனம்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எண்ணம் திசை மாறியது. சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1950இல் வெளியிட்ட நூல், உள்ளப் போராட்டம் உடல்நோயாக உருவெடுக்கும் வழிகளை ஆராய்ந்தது. அவர் குழுவினர் சிறப்பாக ஆராய்ந்த ஏழு நோய்களுள் முடக்குவாதமும் ஒன்று. அடக்கப்பட்ட சினமே தசையிறுக்கமாகி மூட்டைத் தாக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். தியாகம் செய்யும், சினத்தை வெளிக்காட்டாத பெண் என்னும் 'முடக்குவாத ஆளுமை' இவ்வாறு பிறந்தது. பிராடியின் காலத்தில் நோயே இல்லாதவராகக் கருதப்பட்ட பெண், இப்போது தன் நோயைத் தானே ஆக்கிக்கொண்டவராகக் கருதப்பட்டார். இது முன்னேற்றம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அலெக்சாண்டரின் நூல் வெளியான ஆண்டில்தான் கார்ட்டிசோனுக்கு நோபல் பரிசும் வழங்கப்பட்டது. 1948 செப்டம்பர் 21 அன்று மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாதத்தால் படுத்திருந்த 29 வயதுப் பெண்ணுக்கு அம்மருந்தை முதன்முதலாகச் செலுத்தினர். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார், கடைத்தெருவுக்கும் போய்வந்தார். அடக்கிய சினம் எதுவும் அந்நாட்களில் அகழ்ந்தெடுக்கப்படவில்லை. அழற்சி தணிந்தது, கால்கள் நடந்தன. மருந்தின் பக்கவிளைவுகள் பின்னர் வெளிப்பட்டு நம்பிக்கை குலைந்தது வேறு கதை.

ஜார்ஜ் சாலமனும் ருடால்ஃப் மூசும் 1960களில் முடக்குவாதப் பெண்களை நோயற்ற அவர்தம் உடன்பிறந்த சகோதரியரோடு ஒப்பிட்டு ஆளுமை வேறுபாடுகளைத் தேடினர். ஒரே குடும்பத்தில் பிறந்து வளர்ந்தோரை ஒப்பிட்டது சிறந்த திட்டமே. ஆனால் நோய் வந்தபின் அளக்கப்படும் ஆளுமை, நோய்க்கு முந்திய ஆளுமையாகுமா? இவ்வினாவுக்கு 1986இல் தியோடர் பிங்கசும் உடனாய்வாளரும் தந்த விடை, அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. பெரிதும் பயன்பட்ட மின்னசோட்டா ஆளுமை வினாநிரலில் களைப்பு, வலி, வேலைத்திறன் பற்றிய கூற்றுகள் உள்ளன. மூட்டு அழற்சி உடைய எவரும் அவற்றுக்கு நோயின் காரணமாகவே விடையளிப்பார். மதிப்பெண்ணோ ஹிஸ்டீரியா, மனச்சோர்வு என்ற தலைப்புகளில் ஏறும். நெடுங்காலம் ஆளுமை என்று அளக்கப்பட்டதில் ஒரு பங்கு மூட்டே என்பது இதனால் தெளிவாயிற்று.

படமும் நடையும்

எக்ஸ்-கதிர்ப் படத்தில் மூட்டுத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரப்படுத்தும் முறையை கெல்கிரனும் லாரன்சும் 1957இல் வெளியிட்டனர். மக்களிடையே பரந்து ஆராய்ந்தபோது, படத்தில் கடும் தேய்மானம் உடையோரிலும் வலி சொல்லாதவர் பலர். வலி சொல்வோரிலும் படம் தெளிவாக இருந்தோர் பலர். ஷார்கோவின் கையில் சேராது போன இரு துண்டுகளும் இப்போது சேர்ந்தன. 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாடு, வலிச்செய்தி முதுகுத்தண்டிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளுக்கும் அதில் பங்குண்டு என்றும் காட்டி, இம்முரணுக்கு உடலியல் அடிப்படையை அளித்தது.

சியாட்டிலில் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976இல் வெளியிட்ட நூல், வலியின் காரணத்தைத் தேடாமல் வலியுடையவரின் செயலைப் பார்த்தது. வலித்தவுடன் ஓய்வு, ஓய்ந்தவுடன் ஆறுதல். இவ்வாறு முடங்குவதற்கே பரிசு கிடைக்கிறது. வலி வரும் வரை நடப்பதற்கு மாறாக, முன்பே குறித்த அளவு நடந்து நிறுத்துமாறு அவர் பயிற்றினார். ஹில்டனின் நெறி இங்கே தலைகீழாயிற்று.

மூட்டுத் தேய்மானத்துக்கென இதை ஒழுங்குபட அமைத்தவர் நெதர்லாந்தின் யூஸ்ட் டெக்கர். 1992இல் அவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட மீளாய்வின்படி, நடந்தால் வலிக்கிறது. வலிக்கும் என்ற எதிர்பார்ப்பால் நடை குறைகிறது. நடை குறையத் தொடைத்தசை மெலிகிறது. மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. ஆகவே வலியும் தடையும் கூடுகின்றன. இதில் மனம் மூட்டுக்குப் போலியும் அன்று, காரணமும் அன்று. மனத்தின் வழியாகத் தசையும், தசையின் வழியாக மூட்டும் பாதிக்கப்படுகின்றன. முழங்கால் நோயாளரிடம் தவிர்த்தலுக்கும் இயலாமைக்கும் இடையில் தசைவலிமை நிற்பதை 2002இல் ஸ்டூல்ட்யன்சும் டெக்கரும் எடுத்துக்காட்டினர். ஒன்றரை நூற்றாண்டுப் பிளவு, தசை என்ற எளிய இடத்தில் இணைந்தது வியப்புக்குரியது.

அசைவச்சம் என்ற கருத்து முதுகுவலி ஆய்விலிருந்து 1990களில் இத்துறைக்கு வந்தது. அசைந்தால் மேலும் சேதமாகும் என்ற நம்பிக்கையே அதன் உள்ளீடு. இந்நம்பிக்கையை நோயாளர் எங்கிருந்து பெற்றார்? தமிழில் நாள்தோறும் வழங்கும் 'தேய்மானம்' என்ற சொல்லை எண்ணிப் பார்க்கலாம். செருப்பு தேய்கிறது, சக்கரம் தேய்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். எலும்பு தேய்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பும் மூதாட்டி, இனி ஒவ்வோர் அடியும் மிச்சத்தைத் தேய்க்கும் என்று முடிவு செய்தால் அது பிழையான தருக்கமன்று. சொல்லே அதைக் கற்பிக்கிறது. ஆங்கிலத்திலும் இதற்கு இணையான வழக்கு உண்டு. உயிருள்ள குருத்தெலும்புக்கு மிதமான அசைவும் சுமையும் தேவை என்பது சொல்லில் இல்லை. அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் உடைய 439 முழங்கால் நோயாளரை 18 திங்கள் பின்தொடர்ந்து 1997இல் வெளியான ஆய்வில், நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் செய்தோர் அறிவுரை மட்டும் பெற்றோரினும் சற்றே நன்கு இயங்கினர். எக்ஸ்-கதிர்ப் படங்களில் பயிற்சியால் கேடு தென்படவில்லை.

நம்பிக்கையின் அளவும் எல்லையும்

ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் தொடங்கிய தன்மேலாண்மைப் பயிற்சியில் ஆசிரியராக நின்றவர்கள் மருத்துவரல்லாத பொதுமக்கள். பயின்றோரின் வலி குறைந்தது. உடற்பயிற்சி கூடியதாலா என்று பார்த்தபோது, அதற்கும் வலிக்குறைவுக்கும் போதிய தொடர்பில்லை என்று 1989இல் அறிவித்தனர். ஆல்பர்ட் பாந்துரா 1977இல் வகுத்த 'தன்னாற்றல் நம்பிக்கை', அதாவது இதை என்னால் செய்ய முடியும் என்ற துணிவு, மாற்றத்தை மேலும் நன்கு விளக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்தும் வலி 20 விழுக்காடும் மருத்துவரைக் காணும் முறை 40 விழுக்காடும் குறைந்திருந்தன என்று 1993இல் எழுதினர். இவ்விரு எண்களும் அடிக்கடி எடுத்தாளப்படுவன. அதே ஆய்வில் உடல் இயலாமை 9 விழுக்காடு கூடியிருந்தது என்பது அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. நம்பிக்கை வலியைத் தணித்தது. நோயின் நடையை நிறுத்தவில்லை.

எதை நடை என்று அளப்பது என்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. மேலை வினாநிரல்கள் நாற்காலியிலிருந்து எழுதலையும் குளியல் தொட்டியையும் கேட்டன. அவற்றுள் ஒன்றின் இந்திய வடிவம் 2002இல் வெளியானபோது, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதலும் கழிப்பறையில் குந்துதலும் சேர்க்கப்பட்டன. பந்தியில் அமர இயலாதவர் வீட்டு விழாவுக்கே போகாமல் நின்றுவிடும் சமூகத்தில் இச்சேர்க்கை சிறியதன்று. இங்கே நடையைக் குறைப்பது கூச்சம், அச்சமன்று. கூச்சத்தை அளக்கும் கருவி இந்நிரல்களில் இல்லை.

அறுவைச் சிகிச்சையும் இக்கேள்விக்குத் தப்பவில்லை. ஹூஸ்டனில் 180 நோயாளரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், முழங்காலுக்குள் நுண்குழாய் செலுத்திக் கழுவியும் சீவியும் சிகிச்சை பெற்றோரும், தோலை மட்டும் கீறித் தைக்கப்பட்டோரும் ஈராண்டுகளில் வலியிலும் நடையிலும் வேறுபடவில்லை. இதைக் கண்டு வலியெல்லாம் மனத்தில்தான் என்று பேசியோர், பிராடியின் பாகுபாட்டுக்கே திரும்பினர். அவ்வறுவை முழங்காலில் பயனுள்ள எதையும் செய்யவில்லை என்பதே அவ்வாய்வு காட்டியது.

மூட்டு மாற்று அறுவைக்கு முன் வலியைப் பேரிடராக எண்ணுவோர், அறுவைக்குப் பின்னும் கூடுதலாக வலியுறுவதைப் பல ஆய்வுகள் கண்டிருந்தன. அவ்வாறாயின் அவ்வெண்ணத்தை முன்கூட்டியே மாற்றினால் பின்விளைவும் மாற வேண்டும். டேனியல் ரிடிலும் உடனாய்வாளரும் இதைச் சோதித்தனர். முழங்கால் மாற்றுக்குக் காத்திருந்த, இவ்வெண்ணம் மிகுந்த 402 பேரை மூன்று குழுக்களாக்கினர். ஒரு குழுவுக்கு வலியை எதிர்கொள்ளும் உளப்பயிற்சி, ஒரு குழுவுக்கு மூட்டுநோய்க் கல்வி, ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2019இல் வெளியான முடிவின்படி மூன்று குழுக்களின் வலியும் பெரிதும் குறைந்தது. குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. புதிய மூட்டு பொருத்தப்பட்டபின், உளப்பயிற்சி பெறாதோரும் பெற்றோருக்கு நிகராகவே நலமுற்றனர்.